யாரும் துரத்தவில்லை, பரிசும் இல்லை: பிறகு ஏன் ஓடுகிறார்கள்?

விடியற்காலை மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தடியில் நின்று பார்த்தால், நடக்கிறவர்களுக்கு இடையில் ஓடுகிறவர்களும் ஆங்காங்கே வருவார்கள். விளையாட்டுக் கழகப் பொடியன்கள் மட்டுமில்லை, கச்சேரியில் வேலை செய்கிறவர், பள்ளிக்கூட ஆசிரியர், ஓய்வூதியம் எடுக்கிறவர் என்று பல வயதுக்காரர். கல்முனை, அக்கரைப்பற்றுக் கடற்கரைகளிலும் இதே காட்சிதான். பார்க்கிறவர்களுக்கு வரும் கேள்வியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "இந்தப் புழுக்கத்துக்க வேர்க்க விறுவிறுக்க ஓடி என்னத்தக் காணுறாங்க?" வைத்தியர் சொல்லி ஓடுகிறார், உடம்பு குறைக்க ஓடுகிறார் என்றால் விளங்குகிறது. சீனி வருத்தமும் இல்லை, பிரசரும் இல்லை, எந்தப் போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை, ஓடப் பிடித்திருக்கிறது அதனால் ஓடுகிறேன் என்று ஒருவர் சொன்னால்தான் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் அவர் சொல்வது உண்மை. அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது, ஏன் சிலருக்கு வருகிறது, பலருக்கு ஏன் முதல் வாரத்திலேயே வெறுத்துப்போகிறது என்பதற்கெல்லாம் இப்போது ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையின் பெரும்பகுதி ஒரே விஷயத்தில் நிற்கிறது: வேகம். நாம் ஓடிப் பழகியதெல்லாம் தேவைக்கு மிஞ்சிய வேகத்தில்.

முதலில் போட்டியையும் பொழுதுபோக்கையும் பிரித்துவிடுவோம்

நம்மில் பெரும்பாலானோருக்கு ஓட்டம் அறிமுகமானது பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில். 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சலோட்டம். முதல் மூன்று பேருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு மூச்சிரைப்பு. அதை விட்டால் பிந்தி வந்ததற்கு மைதானத்தைச் சுற்றி ஓடவைத்த தண்டனை. பிறகு சித்திரை விளையாட்டு விழாவில் மரதன் ஓட்டம். அந்த மரதனைக் கவனித்துப் பாருங்கள். கொடி விழுந்ததும் அத்தனை பொடியன்களும் 100 மீற்றர் ஓடுவது போல வெறுங்காலோடு தார் ரோட்டில் பாய்வார்கள், முதலாவது சந்தி தாண்டுவதற்குள் பாதிப்பேர் நாரியில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். ஓட்டம் என்றால் வலி, ஓட்டம் என்றால் தோற்பது என்று மூளையில் பதிந்துவிடுவது அங்கேதான்.

போட்டி ஓட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மட்டக்களப்புக்கு அதில் பெருமையான வரலாறு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பயிற்றுவித்த இயேசு சபைக் குரு வெபர் அடிகளாரின் பெயரில்தான் வெபர் மைதானம் இன்றும் இருக்கிறது. ஆனால் போட்டியில் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் மணிக்கூடு. பொழுதுபோக்காக ஓடுகிறவருக்கு அளவுகோல் அவருடைய சொந்த மூச்சு. இது வேறு வேலை.

உலகத்திலும் இந்தப் பிரிவு வந்து அதிக காலமில்லை. 1960களுக்கு முன் பெரியவர்கள் ரோட்டில் சும்மா ஓடுவது எந்த நாட்டிலும் வழக்கமில்லை. நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் நடுத்தர வயதுக்காரர்களை, அதிலும் இதய நோய் கண்டவர்களை, மெதுவாக நீண்ட தூரம் ஓடவைத்துப் பார்த்தார். ஒக்லண்டில் 1962இல் அப்படி ஓடுகிறவர்களுக்கு ஒரு கழகமே உருவானது. அந்த ஆண்டு அங்கே போன அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் அவர்களோடு ஒரு நாள் ஓடப்போய்ப் பின்தங்கிவிட்டார். ஒலிம்பிக் தரத்தில் வீரர்களைப் பழக்குகிறவர், அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அவருக்குத் துணையாகக் கூட ஓடியவர் எழுபதைத் தாண்டிய, மாரடைப்புகள் கண்ட ஒரு மனிதர். ஊருக்குத் திரும்பிய பவர்மன் அமெரிக்காவில் இந்த மெல்லோட்டத்தைப் பரப்பினார். 1970இல் நியூயோர்க்கில் முதல் மரதன் நடந்தபோது தொடங்கியவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். இன்றைக்கு அதே ஓட்டத்தை ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கானோர் முடிக்கிறார்கள், அவர்களில் வெல்லும் எண்ணத்தோடு வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

மூச்சின் எல்லை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

தசை வேலை செய்ய எரிபொருள் வேண்டும். மெதுவாகப் போகும்போது ஒட்சிசனைப் பயன்படுத்திக் கொழுப்பையும் மாப்பொருளையும் எரித்து உடம்பு சமாளிக்கிறது. வேகம் கூடக்கூட ஒட்சிசன் இல்லாமலேயே குளுக்கோசை உடைக்கும் வழியையும் தசை கூடுதலாக நம்ப வேண்டி வருகிறது. அதில் வெளிவரும் லக்டேற்றை உடம்பு அகற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் சேர்கிற வேகம் அகற்றுகிற வேகத்தை மிஞ்சிவிடும். இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், அதை ஈடுகட்ட மூச்சு திடீரென்று பலமாக வாங்கத் தொடங்கும். அந்தக் கட்டத்தை இங்கே மூச்சின் எல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த எல்லைக்கும் இன்பத்துக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பன்டெலிஸ் எக்கெகாக்கிஸ் என்ற உடற்பயிற்சி உளவியல் அறிஞர். பயிற்சி முடிந்த பிறகு எப்படி இருந்தது என்று கேட்பதோடு நிற்காமல், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கும் ஆய்வுகளை அவர் முன்வைத்தார். அவற்றில் தெரிந்தது இது:

1. மூச்சின் எல்லைக்குக் கீழே பெரும்பாலானோருக்கு நன்றாக இருக்கிறது, குறைந்தது மோசமாக இல்லை.
2. எல்லையை ஒட்டி ஓடும்போது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குப் பிடிக்கவில்லை.
3. எல்லையைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் மோசமாக இருக்கிறது. மன உறுதி, நல்ல பாட்டு, ஊக்கப்பேச்சு எதுவும் அதை அவ்வளவாக மாற்றுவதில்லை.
4. எவ்வளவு கடினமாக ஓடியிருந்தாலும் நிறுத்திய சில நிமிடங்களில் மனநிலை மேலே எழும்பிவிடுகிறது.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் நாற்காலியிலும் மோட்டார் சைக்கிளிலும் கழித்த ஒருவருக்கு இந்த எல்லை விறுவிறு நடையின் வேகத்திலேயே வந்துவிடக்கூடும். அவர் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அது எல்லைக்கு மேல்தான். அவர் ஓட்டத்தை வெறுப்பதற்குச் சோம்பல் காரணமில்லை, உடம்பு சரியான தகவலைத்தான் கொடுக்கிறது. அவருக்கு வேண்டியது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்ற கலவை.

எல்லையை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வசனத்தை இடையில் மூச்சுக்கு நிற்காமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எல்லைக்குக் கீழே இருக்கிறீர்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நல்ல செய்தி, இந்த எல்லை நகரும். தொடர்ந்து சில வாரங்கள் ஓடினால் இரத்தத்தின் திரவப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் பெருகுகின்றன, அவற்றைச் சுற்றி நுண்குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. முதல் வாரத்தில் திணறவைத்த அதே வேகம் இரண்டாம் மாதத்தில் கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகமாகிறது. ஓடுகிறவர்கள் பிறகுதான் பிடித்தது என்று சொல்வதன் காரணம் இதுதான். இன்பம் பிந்தி வருவது போலத் தெரிந்தாலும், உண்மையில் எல்லை மேலே போன பிறகே அவர்கள் அதற்குக் கீழே ஓடத் தொடங்குகிறார்கள்.

மூளைக்குள் என்ன சுரக்கிறது?

சிலர் நீண்ட ஓட்டத்தின்போது வலியும் கவலையும் மறந்து ஒரு மிதப்பான மகிழ்ச்சி வருகிறது என்பார்கள். இதை ஓட்டக் களிப்பு என்று சொல்லலாம். இதற்குக் காரணம் என்டோர்பின் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். பாதி சரி.

என்டோர்பின் என்பது உடம்பு தானே தயாரிக்கும் வலிநிவாரணி, மோர்பின் வேலை செய்யும் அதே வாங்கிகளில், அதாவது கலங்களில் இப்படியான பொருள்கள் ஒட்டும் இடங்களில், போய் ஒட்டுவது. 1970களில் இந்த வகைப் பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஓடினால் இரத்தத்தில் இது கூடுவது உண்மை. சிக்கல் என்னவென்றால், இதன் மூலக்கூறு பெரியது, இரத்தத்திலிருந்து மூளைக்குள் இலகுவாகப் போகாது. இரத்தத்தில் கூடியதை வைத்து மனம் மகிழ்ந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2008இல் ஜேர்மனியில் 10 ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் அளவில் ஓடவைத்து மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, மூளைக்குள்ளேயும் அந்த வாங்கிகள் வேலை செய்வதற்கான அடையாளம் கிடைத்தது. அதனால் என்டோர்பினை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஆனால் பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. கஞ்சாவில் உள்ள வேதிப்பொருள் ஒட்டும் வாங்கிகளில் ஒட்டுவதற்கென்று உடம்பே சில பொருள்களைத் தயாரிக்கிறது, அவற்றில் ஒன்று ஆனந்தமைட். இது கொழுப்பில் கரையும், மூளைக்குள் தடையில்லாமல் போகும். 2015இல் எலிகளிடம் செய்த சோதனையில் என்டோர்பினைத் தடுத்தபோதும் ஓட்டத்துக்குப் பிறகான பதற்றக் குறைவு அப்படியே இருந்தது, கஞ்சா வகை வாங்கிகளைத் தடுத்தபோது அது இல்லாமல்போனது. 2021இல் 63 ஓட்டக்காரர்களுக்கு என்டோர்பினின் வேலையைத் தடுக்கும் மருந்தையோ வெற்று மாத்திரையையோ கொடுத்து 45 நிமிடம் ஓடவைத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் களிப்பு வந்தது. இப்போதைக்கு ஆதாரத்தின் பாரம் ஆனந்தமைட் பக்கம்தான் சாய்கிறது. இதில் இன்னொரு சங்கதி, மனிதரையும் நாயையும் ஃபெரட் என்ற கீரியளவு சிறு பிராணியையும் ஓடவைத்து அளந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், ஓடிப் பிழைத்த இனங்களான மனிதருக்கும் நாய்க்கும் ஆனந்தமைட் கூடியது, ஃபெரட்டுக்குக் கூடவில்லை.

களிப்பை மட்டும் நம்பி ஓடத் தொடங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அது எல்லோருக்கும் வருவதில்லை, வருகிறவருக்கும் ஒவ்வொரு நாளும் வருவதில்லை. கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைப்பது அதைவிட அமைதியான ஒன்று: ஓடி முடித்துக் குளித்து ஒரு பிளேன்ரீ குடிக்கும்போது, காலையில் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த விஷயம் கொஞ்சம் சிறிதாகியிருக்கும்.

விலங்குகளும் சும்மா ஓடுமா?

கூண்டில் அடைபட்ட எலி சக்கரத்தில் ஓடுவது விரக்தியால்தான் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். நெதர்லாந்து ஆய்வாளர் யொஹானா மையர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் சக்கரங்களைக் கொண்டுபோய் வெளியே, காட்டெலிகள் திரியும் இடத்தில் வைத்துக் கமரா பூட்டினார். யாரும் அடைக்காத எலிகள் தாமாக வந்து ஏறி ஓடின, உணவு வைக்காதபோதும் ஓடின. தவளைகூட ஏறியிருக்கிறது. ஓடுவதிலேயே ஏதோ ஒரு வெகுமதி இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிமையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மனித உடம்பில் அந்த ஏற்பாடு இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. டெனிஸ் பிரம்பிள், டானியல் லீபர்மன் இருவரும் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சுட்டிக்காட்டியவை பல. குதிகாலுக்கு மேலுள்ள தடித்த குதிநாண் ஒவ்வொரு அடியிலும் இழுபட்டுச் சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கிறது. தலை ஆடாமல் பிடிக்கப் பிடரியில் ஒரு நார் இருக்கிறது, அது சிம்பன்சிக்கு இல்லை. பெரிய பிட்டத்தசை நடக்கும்போது அவ்வளவாக வேலை செய்யாமல் ஓடும்போதுதான் முழுதாக வேலை செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக வியர்வை. நாய் போன்ற பல நாலுகால் விலங்குகள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், பாய்ந்து ஓடும்போது அதைச் சரியாகச் செய்ய முடியாது. நமக்கு உடம்பு முழுக்க இருபது இலட்சத்துக்கு மேல் வியர்வைச் சுரப்பிகள், ஓடிக்கொண்டே குளிரலாம். ஆதி மனிதர் இரையைக் களைக்கும்வரை துரத்தி வேட்டையாடினார்கள் என்ற முடிவை ஏற்காத அறிஞர்களும் உண்டு, ஆனால் உடலமைப்பு பற்றிய இந்த விவரங்கள் கண்முன் இருப்பவை. வேல்சில் 1980 முதல் மனிதருக்கும் குதிரைக்கும் இடையே நடக்கும் மலைப்பாதை ஓட்டத்தில் 2004இல் ஹியூ லொப் என்பவர் குதிரைகளை முந்தினார்.

வேதியியலுக்கு வெளியே நிற்கும் காரணங்கள்

சுரப்பு மட்டும்தான் காரணம் என்றால் மாத்திரை போதும். ஆட்கள் திரும்பத் திரும்ப ஓட வருவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன.

1. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. பாலத்தின் பாதியில் நின்றவர் அடுத்த மாதம் முழுப்பாலமும் ஓடுகிறார். வேலையிலும் குடும்பத்திலும் உழைப்புக்கும் பலனுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு கிடைப்பது அரிது. யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

2. மனம் ஒரு தாளத்தில் அமர்கிறது. ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 அடிகள், மூச்சும் அதோடு ஒத்துப்போகிறது. திறமைக்கும் சவாலுக்கும் பொருத்தம் சரியாக அமையும்போது நேரம் போவதே தெரியாத நிலை வருகிறது என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் விளக்கினார். வேலையில் தோய்ந்துபோன தச்சருக்கும் கோலம் போடுகிறவருக்கும் வருவதும் இதே நிலைதான்.

3. தொலைபேசி கையில் இல்லாத அரை மணித்தியாலம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

4. கூட்டு. சேர்ந்து ஓடுகிறவர்களின் கதையைக் கேட்டால், முகத்துக்கு முகம் பார்த்துக் கதைக்கத் தயங்கும் விஷயங்களைத் தோளோடு தோள் ஓடும்போது கதைத்துவிடுவார்கள். வேகம் குறைவாக இருந்தால்தான் இதுவும் நடக்கும்.

எங்கள் பக்கத்தில் இது ஏன் பிந்தி வந்தது?

நாற்பதைத் தாண்டிய தலைமுறைக்கு இங்கே ஓட்டம் என்பது வேறு நினைவு. ரோட்டில் ஒருவர் ஓடினால் எங்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம், பார்த்தவர்களும் கதவைச் சாத்துவார்கள். சோதனைச்சாவடிக்கு முன் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டிய காலம் அது, விடியாத இருட்டில் ரோட்டில் ஓடுவது உயிரோடு விளையாடுவது. பையும் பிள்ளையுமாக ஊர்விட்டு ஊர் ஓடியவர்களிடம் சும்மா ஓடுவோமா என்று யார் கேட்பது? பிறகு 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டக் கரையோரம்தான் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. கடற்கரைப் பக்கமே போகாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் நிறைய. ஆகவே இன்று ஒரு அம்மா கடற்கரையில் நிம்மதியாக மெல்லோட்டம் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

அதேநேரம் நீண்ட, மெதுவான, உடம்பை வருத்தும் பயணத்தின் சுகம் நமக்குப் புதிதுமில்லை. ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதி கோயிலிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் தாண்டி உகந்தை போய், அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் நுழைகிறது. வழியில் சேர்ந்துகொள்கிறவர்களில் அறுபது, எழுபது வயது அம்மம்மாமார் எத்தனை பேர். அது நேர்த்தி, பக்தி, அதை உடற்பயிற்சி என்று சுருக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை நடந்தவர் அடுத்த வருஷமும் ஏன் போகத் துடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், ஓடுகிறவர் சொல்வதற்கு நெருங்கிய பதில்தான் வரும்: மனம் லேசாகிறது.

பெண்கள் ஓடுவது பற்றி

1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். முடிவில் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்த, அந்தத் தூரம் பெண்களுக்கு 1960வரை மறுக்கப்பட்டது. 1967இல் பொஸ்டன் மரதனில் கத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு அதிகாரி பாய்ந்து அவருடைய இலக்கத்தைப் பிடுங்கப் பார்த்தார். அங்கே பெண்கள் அதிகாரபூர்வமாக ஓட 1972 ஆனது, ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வர 1984 ஆனது. பெண் உடம்புக்கு இது ஆகாது என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் இருக்கவில்லை.

இங்கே தடை சட்டத்தில் இல்லை, ரோட்டோரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறபோது வீசப்படும் பேச்சு, என்ன உடுப்பு என்ற பார்வை, காலை ஆறு மணி என்றால் அடுப்படியில் நிற்க வேண்டிய நேரம் என்ற கணக்கு. ஓடுவதற்குக் குறிப்பிட்ட உடுப்பு எதுவும் தேவையில்லை, தளர்வான சல்வாரும் முக்காடும் போட்டு ஓடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், காற்றுப் போகும் மெல்லிய துணியாக இருந்தால் சரி. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போவது உதவுகிறது. ஆனால் மாற வேண்டியவர்கள் ஓடுகிறவர்கள் இல்லை. வீட்டில் காலைத் தேத்தண்ணியை இன்னொருவர் ஊற்றினால் பல பெண்களுக்கு அந்த அரை மணித்தியாலம் கிடைத்துவிடும்.

எங்கள் வெயில், எங்கள் மணல், எங்கள் ரோட்டு

வெளிநாட்டு அறிவுரைகளை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் அடிபடுவோம். காரணம் சூடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவாகும், மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் பெரிய வித்தியாசமில்லை. அதில் நாலில் ஒரு பங்குதான் உண்மையில் காலை நகர்த்துகிறது, மிச்சம் சூடு. அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போவது வியர்வை, அதுவும் ஆவியாகிப் போனால்தான். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஈரக்காற்றில் வியர்வை சொட்டுச்சொட்டாக நிலத்தில் விழுகிறதே, அது வீண், குளிர்ச்சி தராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேர்மாறாக வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துபோகும், உடம்பில் தண்ணீர் குறைந்தது தலை சுற்றும்போதுதான் தெரியவரும். சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து நாள் முதல் இரண்டு கிழமை எடுக்கும். அதுவரை வேகத்தைக் குறைக்க வேண்டும், சூரியன் ஏறுமுன் முடிக்க வேண்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும், அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடிப்பதும் நீண்ட ஓட்டங்களில் இரத்தத்தின் உப்பைக் குறைத்து ஆபத்தாகும். குமட்டல், குளிர்வது போன்ற உணர்வு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பை நனைத்து விசிறிவிட வேண்டும், தடுமாற்றம் இருந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதைப் பிற்போடக்கூடாது.

மணல் அடுத்தது. உலர்ந்த மணலில் ஓடுவதற்குக் கட்டாந்தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி வேண்டும். அதாவது கடற்கரையில் தொடங்கும் புதியவர் தன்னையறியாமல் மூச்சின் எல்லையைத் தாண்டிவிடுகிறார், பிறகு ஓட்டத்தைத் திட்டுகிறார். அலை நனைத்த மணல் இறுக்கமானது. ஆனால் இலங்கையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அந்தப் பட்டி ஒடுக்கமாகவும் கடலை நோக்கிச் சரிவாகவும் இருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போன தூரமே அதே கரையில் திரும்பி வந்தால் சரிவு இரண்டு காலுக்கும் பங்காகும்.

ரோட்டில் வலது பக்கமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள், இருட்டில் வெளிர் நிற உடுப்பு. நாய் வந்தால் திரும்பி ஓடாமல் நின்று நடக்க வேண்டும். படுவான்கரைப் பக்கமும் பாணமை ரோட்டிலும் யானை நடமாட்டம் இருப்பதால் நன்றாக வெளிச்சம் வராமல் வெளிக்கிடக்கூடாது.

முழங்கால் தேயாதா?

எல்லோரும் கேட்பது. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் விழுவது உண்மை. ஆனால் குருத்தெலும்பு உயிருள்ள திசு, அளவான சுமையில் அது பலப்படுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் இடுப்பு, முழங்கால் மூட்டுத்தேய்வு பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காகத் தீவிரமாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். உடம்பு பருமனானவர்கள் ஓடாமல் விடுவதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கலாம், என்றாலும் மெதுவாக ஓடுகிறவர் பயப்படத் தேவையில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில். இதயமும் மூச்சும் சில வாரங்களில் பலப்பட்டுவிடும், தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில்தான் பலப்படும். பழைய சேசிஸில் புது எஞ்சின் பூட்டியது போன்ற காலம் இது: மூன்றாம் மாதம் அளவில் நன்றாக ஓடுகிறேனே என்று தூரத்தை ஒரேயடியாகக் கூட்டும்போதுதான் கணைக்கால் எலும்பிலும் குதிநாணிலும் நோவு பிடிக்கிறது. மறுநாள் வரும் சாதாரணத் தசைநோவு இரண்டு மூன்று நாளில் போய்விடும். அது லக்டிக் அமிலத்தால் வருவதும் இல்லை, லக்டேற் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடும். ஒரே இடத்தில் குத்தி, ஓட ஓடக் கூடும் நோவுதான் நிறுத்தச் சொல்லும் நோவு.

தொடங்குகிறவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணித்தியாலம், நடையும் ஓட்டமும் கலந்து, கதைக்கக்கூடிய வேகத்தில். காலுக்குப் பொருந்தும் சப்பாத்து, விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. இதய நோய், நீண்டகாலச் சீனி வருத்தம், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

எல்லாம் செய்தும் பிடிக்காவிட்டால்?

அதுவும் நடக்கும். உடற்பயிற்சியில் ஒருவருக்கு எவ்வளவு நாட்டம் என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மெதுவாக ஓடி, இரண்டு மூன்று மாதம் பார்த்தும் வெறுப்பாகவே இருந்தால் தன்னைத்தானே வதைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மூச்சின் எல்லை சைக்கிளுக்கும் விறுவிறு நடைக்கும் பொருந்தும், மனம் லேசாவதும் அவற்றில் கிடைக்கும். வயல்வெளி ரோட்டில் காலைக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தால் அரை மணித்தியாலத்தில் வேண்டிய அளவு மூச்சு வாங்கிவிடும், முழங்காலில் சுமையும் குறைவு.